உங்களுக்குத் தெரியுமா? ஊரை விட்டுப் போனவர்களின் பாட்டு

● மறைமலை நகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை வந்ததன் வேரைத் தேடிப் போனால், கடைசியில் ஓர் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் போய் நிற்போம். ஹென்றி ஃபோர்டின் அப்பா வில்லியம், அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் பாலினாஸ்கார்த்தி என்ற ஊர்க்காரர். 1847-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கிழங்கில் நோய் விழுந்து, 1845 தொடங்கி ஏழு வருடத்துக்குள் சுமார் 10 லட்சம் பேர் செத்து, அதற்கும் கூடுதலானவர்கள் நாட்டை விட்டே போன காலம் அது. அப்படிப் பிழைக்கப் போனவரின் மகன் ஆரம்பித்த கம்பெனிதான் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் வந்து கார் செய்தது. 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தது. ஆலையை மறுபடி திறக்கப் போவதாக 2024-ல் அறிவித்தார்கள். ஹென்றி தன் மாளிகைக்கு வைத்த பெயர் ‘ஃபேர் லேன்’. கார்க் நகரத்துத் தெருப் பெயர் அது. அவருடைய அம்மாவை எடுத்து வளர்த்த தாத்தா பிறந்த இடம். பாட்டுக் கட்ட வராதவர்கள் வீட்டுக்குப் பெயர் வைத்து ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

● அதே ஹென்றி ஃபோர்டு 1917-ல் கார்க் நகரிலேயே டிராக்டர் ஆலை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பிற்பாடு அங்கே வேலை சுருங்கியபோது கார்க் ஆட்கள் லண்டன் பக்கம் டாகென்ஹம் ஃபோர்டு ஆலைக்குக் கிளம்பினார்கள். ஆகஸ்ட் லீவுக்கு ஊர் திரும்பும்போது சட்டை புதுசு, பேச்சும் புதுசு. ‘டாகென்ஹம் யாங்க்’ என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தது ஊர். முதல் போனஸில் கூலிங் கிளாஸ் வாங்கிக்கொண்டு பொங்கலுக்குப் போகும் ஒரகடம் பையனைக் கேட்டுப் பாருங்கள், அவனுக்கும் ஊரில் ஒரு பட்டப்பெயர் இருக்கும். கார்க் ஆலையை 1984-ல் மூடிவிட்டார்கள்.

● உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்த நாடு அயர்லாந்து. பிள்ளை அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, சாவு வீட்டில் கண் விழிப்பதுபோல உறவெல்லாம் கூடி விடிய விடிய உட்கார்ந்திருக்கும். ‘அமெரிக்கன் வேக்’ என்று அதற்குப் பெயர். சாராயம், ஆட்டம், பிடில், பாட்டு எல்லாம் உண்டு. விடியும் நேரத்தில் பெண்கள் குரலெடுத்து அழத் தொடங்குவார்கள். பாய்க்கப்பல் காலத்தில் போனவன் திரும்புவது அநேகமாக நடக்காத காரியம் என்பதால் அது வெறும் சடங்கு அல்ல, கணக்குத் தீர்ப்பது. டொனெகால் மலைப்பகுதியில் ஒரு சிறு கல்பாலம் இருக்கிறது. வழியனுப்ப வருகிறவர்கள் அதுவரைக்கும்தான் வருவார்கள். அதற்கப்பால் டெர்ரி துறைமுகம் வரை அவன் தனியாக நடக்க வேண்டும். இன்றைக்கும் அதைக் ‘கண்ணீர்ப் பாலம்’ என்றே சொல்கிறார்கள்.

● உலகமே ‘அயர்லாந்துப் பாட்டு’ என்று கண் கலங்கும் ‘டேனி பாய்’ பாட்டின் வரிகளை எழுதியவர் இங்கிலாந்து வக்கீல் ஒருவர், ஃபிரெடரிக் வெதர்லி. வரிகளை முதலில் எழுதி வைத்திருந்தார். அமெரிக்காவின் கொலராடோவில் இருந்த சகோதரர் மனைவி ஒரு பழைய ஐரிஷ் மெட்டை அனுப்ப, அதில் பொருத்தி 1913-ல் வெளியிட்டார். ‘கேத்லீன், உன்னை ஊருக்கு அழைத்துப் போகிறேன்’ என்ற பொருளில் தொடங்கும் இன்னொரு ‘ஐரிஷ்’ பாட்டு 1875-ல் எழுதப்பட்டது அமெரிக்காவின் இண்டியானாவில். எழுதியவரும் ஐரிஷ்காரர் இல்லை. வீட்டைப் போல் உண்டா என்று கேட்கும் ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’ பாட்டை 1823-ல் தந்த ஜான் ஹோவர்ட் பெய்ன் ஊர் ஊராக அலைந்து கடைசியில் துனிஸ் நகரில் செத்தார். ஏக்கப் பாட்டை எழுத ஏக்கக்காரன்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் பாரதியே பிஜித் தீவைப் பார்த்ததில்லை. அங்கே கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களைப் பற்றி அவர் எழுதியதை விட அழுத்தமாகப் பார்த்தவர் யார் எழுதினார்?

● ‘தி ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதன்ரை’ என்ற பஞ்சகாலப் பாட்டை அயர்லாந்தின் விளையாட்டு மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிறார்கள். நூறு வருடப் பழசு என்று நினைப்பவர்கள் ஏராளம். பீட் செயிண்ட் ஜான் அதை எழுதியது 1970-களில்.

● மேரிலாந்தில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்த பழைய கடிதக் கட்டு ஒன்று அப்படியே பாட்டானது. அயர்லாந்தின் கில்கெல்லி கிராமத்திலிருந்து ஓர் அப்பா, அமெரிக்காவில் ரயில் பாதை வேலைக்குப் போன மகனுக்கு 1860 முதல் எழுதியவை. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஊர்ப் பள்ளி வாத்தியார் எழுதித் தந்தார். உருளைக்கிழங்கு விளைச்சல் எப்படி, யாருக்குக் கல்யாணம், யார் தவறிப்போனார், நீ எப்போது வருவாய். அவ்வளவுதான் சரக்கு. கடைசிக் கடிதம் 1892-ல் தம்பி எழுதியது, அப்பா போய்விட்டார் என்று. கொள்ளுப் பேரன் தலைமுறையைச் சேர்ந்த பீட்டர் ஜோன்ஸ் அவற்றைப் பாட்டாக்கினார். அலங்காரம் ஏதும் சேர்க்காததால்தான் அது நிற்கிறது என்பது என் எண்ணம்.

● அயர்லாந்துச் சந்தைகளில் ஒரு பென்னிக்கு விற்ற பாட்டுத் தாள்களுக்கு நம்மூரில் உடன்பிறப்பு உண்டு: சென்னைக் குஜிலிக் கடைத் தெருப் புத்தகங்கள். மட்டக் காகிதம், காலணா அரையணா விலை. கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, வெள்ளச் சிந்து என்று நாட்டு நடப்பெல்லாம் அதில் பாட்டானது. விற்பவரே சந்தையிலும் ரயிலிலும் பாடிக் காட்டி விற்பார். மேட்டுக்குடி ஒதுக்கித் தள்ளிய இந்தச் சரக்கை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலில் தூசி தட்டி எடுத்து வைத்திருக்கிறார்.

● மறைமலை நகர் என்ற பெயருக்கு உரிய மறைமலையடிகள் (1876–1950) தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் இளம் வயதில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, ஆராய்ச்சியுரை எழுதத் தேர்ந்தெடுத்த இரண்டு சங்கப் பாட்டுகளும் பிரிவைப் பற்றியவை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. முதலில் முல்லைப்பாட்டு, 1903-ல்: போருக்குப் போன கணவனுக்காக மனைவி காத்திருக்கிறாள், 103 அடி, பத்துப்பாட்டில் மிகச் சிறியது. அடுத்து பட்டினப்பாலை, 1906-ல்: பொருள் தேடப் புறப்பட நினைத்தவன், காவிரிப்பூம்பட்டினமே கிடைத்தாலும் இவளை விட்டு வரமாட்டேன் என்று தன் நெஞ்சிடம் சொல்கிறான். இந்த ‘போகமாட்டேன்’ பாட்டுக்கு கரிகாலன் 16 லட்சம் பொன் கொடுத்ததாகக் கலிங்கத்துப்பரணி சொல்கிறது. போகாமல் இருந்ததற்குச் சம்பளம் கிடைத்த ஒரே ஆள் அதைப் பாடிய உருத்திரங்கண்ணனார்தான். மூன்றாவதாக 1907-ல் அடிகள் தமிழாக்கியது சாகுந்தலம். அதுவும் பிரிவுக் கதைதான்.

● அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பாட்டு எதைத் திறந்தாலும் பாலைதான். 1, 3, 5 என்று 399 வரை, 400 பாட்டில் சரிபாதி. பாதி நூலைப் பிரிவுக்கே எழுதிவைத்தவர்கள் நம்மவர்கள். மாமூலனார் பாட்டுகளில் தலைவன் வேங்கடமலையைத் தாண்டி, வேறு மொழி பேசும் நாட்டுக்குச் சம்பாதிக்கப் போவான். இன்றைக்கு வண்டி எதிர்த்திசையில் வருகிறது. கூடூர் தாண்டி இறங்குகிற பிகார்ப் பையனுக்கு நாம்தான் வேறு மொழி பேசும் நாடு. ‘வடக்கன்’ என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் அகநானூற்றில் ஒரு பத்துப் பாட்டாவது படிக்கலாம்.

● பாரஹ்மாசா தெரியுமா? வட இந்தியாவில் பன்னிரண்டு மாதத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்த மாதமும் அவன் வரவில்லை என்று மனைவி பாடும் பாட்டு வகை. 1540-ல் ஜாயசி எழுதிய ‘பத்மாவத்’ காவியத்திலேயே நாகமதி பாடுவதாக ஒன்று இருக்கிறது. உச்சம் மழை மாதம். மழைக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போவது அங்கேயும் வழக்கம், நம் முல்லைத் திணையிலும் அதே வாக்குறுதி. ஒரு வித்தியாசம்: அவர்கள் ஊரில் மழை ஆனி, ஆடி, செங்கல்பட்டில் ஐப்பசி, கார்த்திகை. அவள் அங்கே மேகத்தைப் பார்க்கும்போது இவன் இங்கே வெயிலில் ஷெட்டுக்குள் பம்பர் மாட்டிக்கொண்டிருப்பான்.

● சென்னை சென்ட்ரலிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ் போய்ச் சேரும் கடைசி ஊர் சாப்ரா. பிகாரின் சாரண் மாவட்டத் தலைநகர். அந்த மாவட்டத்துக் குதுப்பூர் கிராமத்தில் 1887-ல் பிறந்தவர் பிக்காரி டாக்கூர். நாவிதர் குலம், கொஞ்ச காலம் கரக்பூர் பக்கம் பிழைக்கப் போனவர். மேதினிபூரில் பார்த்த ராம்லீலா மனதில் தைக்க, ஊர் திரும்பி நாடகக் குழு கட்டினார். அவருடைய ‘பிதேசியா’ நாடகத்தில் புது மனைவி பியாரி சுந்தரியை விட்டுவிட்டுக் கணவன் கல்கத்தாவுக்குச் சம்பாதிக்கப் போகிறான். போன இடத்தில் இன்னொருத்தியோடு வாழ்கிறான். வழிப்போக்கன் ஒருவன் பியாரியின் சேதியைக் கொண்டுபோய் அவனைத் திருப்புகிறான். கல்கத்தாக்காரி விடுவாளா? பின்னாலேயே வந்து சேருகிறாள். டாக்கூர் அவளை வில்லியாக்கித் துரத்தவில்லை. அவளுக்கும் அந்த வீட்டில் இடம் கொடுக்கிறார். பெண் வேடமெல்லாம் ஆண்களே கட்டினார்கள். அப்படிக் கட்டி ஆடிய ராம்சந்திர மாஞ்சிக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மறு வருடம் காலமானார். டாக்கூரின் நாடகங்களைத் தொடர்ந்து கேட்டால் ஒன்று பிடிபடும்: பிழைக்கப் போனவன் பாடுவது குறைவு, வீட்டில் இருப்பவள்தான் பாடிக்கொண்டே இருக்கிறாள். ரயிலைச் சக்களத்தி என்று திட்டும் போஜ்புரி நாட்டுப்பாட்டுகூட அவள் பாட்டுதான். சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை செல்போன் கடை வாசலில் அலறும் போஜ்புரிப் பாட்டில் பாதி வெறும் கூத்து என்பது உண்மை. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் காது கொடுக்கலாம்.

● சட் பூஜைப் பாட்டுகளின் குரல் சாரதா சின்ஹா. அந்தப் பண்டிகைக்குத்தான் பிகார் ரயில்களில் கால் வைக்க இடமிருக்காது. அவர் 2024 நவம்பர் 5-ல் காலமானார். அன்றுதான் சட் தொடங்கிய நாள்.

● அசாமின் தேயிலைத் தோட்டங்களில் பாடும் ஜுமுர் பாட்டுகள் அசாமில் பிறந்தவை அல்ல. சோட்டா நாகபுரியிலிருந்து, அதாவது இன்றைய ஜார்க்கண்ட் பக்கமிருந்து, வெள்ளைக்காரத் துரைகளுக்காகக் கூட்டிப்போன ஆதிவாசிகளோடு போனவை. புகழ்பெற்ற ஒரு பாட்டில், மினி என்ற பெண்ணிடம் அசாமுக்குப் போகலாம் வா, அங்கே பச்சைப் பசேல் என்று தோட்டம் இருக்கிறது என்று ஆசை காட்டித் தொடங்கி, போய்ச் சேர்ந்தபின் சர்தாரும் பாபுவும் துரையும் படுத்தும் பாட்டைச் சொல்லி, ஆள் பிடித்த தரகனைப் பெயர் சொல்லித் திட்டி முடிப்பார்கள். ஒரகடத்தில் ஒரே லைன் வீட்டில் ஜார்க்கண்ட்காரரும் அசாம் தோட்டத்துப் பையனும் தங்கியிருந்தால், நூறு வருடத்துக்கு முன் பிரிந்த பங்காளிகளாகக்கூட இருக்கலாம்.

● அதே அசாமின் கோல்பாரா பகுதியில் யானைப் பாகன் பாட்டு என்றே தனி ரகம் இருக்கிறது. யானை பிடிக்கக் காட்டுக்குப் போன பாகனை நினைத்துப் பெண் பாடுவது. அதை மேடைக்குக் கொண்டுவந்தவர் பிரதிமா பருவா பாண்டே. யானை பிடிப்பதில் பேர் போன கௌரிப்பூர் ஜமீன்தாரின் மகள். பக்கத்து வங்கத்தில் பவையா பாட்டு, மாட்டுவண்டிக்காரனை நினைத்து. வண்டி மாறுகிறது, பாடுகிறவள் மாறவில்லை.

● 2023 ஜூன் 2-ல் பாலசோர் அருகே சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானபோது தண்டவாளத்தில் சிதறிக் கிடந்தவற்றில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் தாள்களும் இருந்தன. கையெழுத்தில் வங்காளிக் காதல் கவிதைகள். ஓரத்தில் யானை, மீன், சூரியன் படங்கள். படம் எடுத்துப் பத்திரிகைகள் போட்டன. அது வேலைக்கு வந்தவனுடையதா, வேறு பயணியுடையதா என்பது கவிதையில் எழுதியிருக்கவில்லை. இறந்தவர்கள் 290-க்கும் மேல்.

● தமிழில் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ என்று ஒரு நூல் உண்டு. இலங்கைக் காப்பித் தோட்ட வேலையைக் கும்மிப் பாட்டாக விளக்கி ஆபிரகாம் ஜோசப் எழுதியது, 1869-ல் வந்தது. காப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டதும் 1869-ல்தான். இருபது வருடத்துக்குள் காப்பி போய் தேயிலை வந்தது. கும்மிக்கு வேலையில்லாமல் போனது. தோட்டத் தொழிலாளர் தாங்களே கட்டிய பாட்டில் காப்பியின் பெருமை இராது. கங்காணியின் வாய்ச்சவடால், கடன், குளிர், ஊரில் விட்டுவந்த தாய் இவைதான் இருக்கும். அவற்றைத் தேடித் தொகுத்தவர்களில் முக்கியமானவர் சி. வி. வேலுப்பிள்ளை. தொழிற்சங்கவாதி, கவிஞர், 1947-ல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர். மறு வருடமே அவருக்கு ஓட்டுப் போட்ட ஜனங்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள்.

● அதன் தொடர்ச்சியாக 1964-ல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது. வந்தவர்களில் பலருக்கு நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி பக்கம், அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் வேலை கிடைத்தது. தாத்தா திருச்சியை நினைத்துப் பாடினார். பேத்தி ஊட்டி மலையில் நின்று நுவரெலியாவை நினைத்தாள். ‘தாய்நாடு திரும்பியோர்’ என்று அரசாங்கக் காகிதம் சொன்னது. எந்த நாடு என்று அவளிடம் கேட்கவில்லை.

● மலையாளத்தில் கடிதமே பாட்டான கதை. எஸ். ஏ. ஜமீல் எழுதிய ‘துபாய் கத்துப் பாட்டு’, 1970-களின் பிற்பகுதியில் மாப்பிள்ளைப் பாட்டு மேடைகளையும் கேசட்டுகளையும் கலக்கியது. வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம்: பணம் வருகிறது, நீ வரவில்லை, என் இளமை என்ன ஆவது என்று ஒளிவு மறைவில்லாமல் கேட்கிறாள். கேட்ட கணவர்கள் பலருக்குத் தூக்கம் போயிருக்கும். பிறகு ஜமீலே கணவன் எழுதும் பதில் பாட்டையும் எழுதினார். பதிலை விட கேள்விக்குத்தான் இன்றும் கைத்தட்டல்.

● சுதந்திர தினத்தன்று ஒலிபெருக்கியில் போடும் ‘ஏ மேரே ப்யாரே வதன்’ இந்தியாவைப் பற்றிய பாட்டே அல்ல. 1961-ல் வந்த ‘காபூலிவாலா’ படத்தில், கல்கத்தாவில் பிழைக்க வந்த ஆப்கானியர் தன் ஊரை நினைத்துப் பாடுவது. சலீல் சௌத்ரி இசை, மன்னா டே குரல்.

● ஊர் ஏக்கத்தை நோய் என்று மருத்துவ ஆய்வேடு எழுதியவர் யோகன்னஸ் ஹோஃபர், 1688-ல், ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில். கூலிப்படையில் இருந்த ஸ்விஸ் சிப்பாய்கள் தங்கள் ஊர் மாட்டுக்காரப் பாட்டைக் கேட்டால் அழுதும் ஓடியும் போனதால் அதைப் பாடத் தடை இருந்தது என்று ரூசோ எழுதியிருக்கிறார். ஷிப்ட்டில் இயர்போன் போடக் கூடாது என்கிற சூப்பர்வைசர் வேறு காரணம் சொல்வார்.

● 1919-ல் மதனப்பள்ளியில் தாகூர் ‘ஜன கண மன’ பாடியபோது அதற்குச் சுரக்குறிப்பு எழுதியவர் மார்கரெட் கஸின்ஸ், அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில் பிறந்த இசைப் பட்டதாரி. ஊர் திரும்பவில்லை, 1954-ல் அடையாறில் காலமானார்.

● ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அத்தனையும் பெண் தொழிலாளர்களுக்கு. கடல் கடந்து போகும் பயணம் பெண்ணோடு கூடாது என்று தொல்காப்பியம் விதி சொன்ன மொழி இது. அயர்லாந்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கப்பல் ஏறியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள், பெரும்பாலும் கல்யாணமாகாதவர்கள், அமெரிக்க வீடுகளில் வேலைக்குப் போனவர்கள். ஆனால் பிரபலமான பாட்டுகளை எடுத்தால் போகிறவன் எப்போதும் ஆண். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில், மகள் போனபின் தாய் இரங்கிப் பாடும் பத்து ஒன்று உண்டு. பாடியவர் ஓதலாந்தையார். அந்த மகள் காதலனோடு போனவள். சம்பளத்துக்காகத் தனியாகப் போன மகளுக்கு ஐங்குறுநூற்றில் பத்து கிடையாது. அதை வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில்தான் தேட வேண்டும்.